மூடிய கடையும் ஓடிய அமெரிக்கரும்: ஐரோப்பிய வாரக்கடைசிப் பயணங்களின் மூலகாரணம் பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

வேலை நிமித்தம் ஐரோப்பாவில் குடியேறிய அமெரிக்கர், வாரக்கடைசி வந்தால் ஏன் வேறொரு நாட்டில் இருக்கிறார்? இவர் வாடகை கொடுப்பது மியூனிக்கில். கட்டில், மெத்தை, சமையலறை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சமையலறை என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் சமையலறை என்ற இடத்தில் சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் குடிவருகிறவரே வாங்கிப் பொருத்த வேண்டும். அப்படிக் கைக்காசு போட்டுக் கட்டிய சமையலறையைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை முதுகில் ஒரு பையோடு பிராகுக்கோ ரோமுக்கோ கிளம்பிவிடுகிறார். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் கலை, வரலாறு, பண்பாடு என்கிறார்.

இந்த விளக்கத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை. மியூனிக்கில் ஆல்ட்டெ பினாகோதேக் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ரூபன்ஸ் ஓவியங்கள் சுவர் சுவராகத் தொங்குகின்றன. டியூரர் 1500ஆம் ஆண்டு தன்னையே வரைந்துகொண்ட படமும் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நுழைவுக் கட்டணம் ஒரு யூரோ. கலைத்தாகம்தான் காரணம் என்றால் ஒரு யூரோவில் தணிந்திருக்க வேண்டிய தாகம் அது. அப்படித் தணியவில்லை என்பதால் தாகம் வேறு எதற்கோ என்று துணியலாம்.

நமது கருதுகோள் இது: ஐரோப்பாவில் வாழும் அமெரிக்கரின் வாரக்கடைசிப் பயணத்துக்கு மூலகாரணம் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருப்பதே. ஏனைய காரணங்கள் எல்லாம் பயணம் முடிந்தபின் புகைப்படங்களுக்குக் கீழே எழுதப்பட்டவை.

தரவுகள் மாடிப்படிகளிலும், துணி துவைக்கும் நிலவறைகளிலும், ரயில் நிலைய வரிசைகளிலும் திரட்டப்பட்டன. ஆய்வுக்கு உட்பட்டவர்களிடம் முன் அனுமதி பெறவில்லை. அவர்கள் அமெரிக்கர்கள், கேட்டிருந்தால் வக்கீலை அழைத்து வந்திருப்பார்கள்.

முன்னோர் கருத்து

இத்துறையின் ஆதி ஆசிரியர் மார்க் ட்வைன். 1878இல் ஹைடல்பெர்க்கில் தங்கியிருந்து, 1880இல் ‘எ டிராம்ப் அப்ராட்’ என்ற நூலை வெளியிட்டார். ஐரோப்பிய ஓட்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய், ஊர் திரும்பியதும் சாப்பிட வேண்டிய அமெரிக்கப் பண்டங்களை நீண்ட பட்டியலாகவே அந்நூலில் அச்சிட்டிருக்கிறார். பசியில் எழுதியவரின் சாட்சியத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே நூலில் அவர் ஜெர்மானியரின் ஞாயிற்றுக்கிழமையை மெச்சுகிறார். அன்று இவர்கள் வேலையைத்தான் விடுகிறார்கள், கேளிக்கையை விடுவதில்லை, நம் ஊரிலோ இரண்டையும் விட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம் என்பது அவர் கட்சி. ட்வைன் தங்கியது ஓட்டலில். அவர் பால் வாங்கப் போனவரல்லர். எனவே இப்பொருளில் அவர் கூற்று தள்ளுபடி.

1969இல் ‘இஃப் இட்ஸ் டியூஸ்டே, திஸ் மஸ்ட் பி பெல்ஜியம்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. 18 நாளில் 9 நாடு சுற்றும் அமெரிக்கக் கூட்டத்தின் கதை. 1980இல் ரிக் ஸ்டீவ்ஸ் தம் பயண நூலின் முதல் பதிப்பை வெளியிட்டு, ஒரே பையோடு ஐரோப்பாவைச் சுற்றும் சித்தாந்தத்தைப் பரப்பத் தொடங்கினார். படமும் நூலும் ‘எப்படிப் போவது’ என்று விளக்குகின்றனவே தவிர, ‘ஏன் போகிறார்’ என்ற கேள்வியைத் தொடவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

கடையடைப்பின் சட்ட வரலாறு

கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞாயிறன்று நீதிபதிகளும் நகரத்தாரும் கைவினைஞர்களும் ஓய்ந்திருக்க வேண்டும், உழவர் மட்டும் வேலை செய்யலாம் என்றது அது. பதினாறு நூற்றாண்டு கழித்து, 1919இல் ஜெர்மனியின் வைமர் அரசியல் சாசனம் தன் 139ஆவது பிரிவில் ஞாயிறை ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாளாகக் காப்பாற்றியது. 1949இல் எழுதிய புதிய அரசியல் சட்டம், 140ஆவது பிரிவின் வழியாக அந்தப் பழைய பிரிவை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஆகவே ஞாயிறன்று மூடிய சூப்பர்மார்க்கெட் வாசலில் காலிப் பையோடு நிற்கும் அமெரிக்கர் சட்டப்படி உள்ளம் உயர்ந்துகொண்டிருக்கிறார். அவருக்கு அது தெரிவதில்லை.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனியே கவனிக்கத்தக்கது. அந்த மே தினத்தில் ஜெர்மானியத் தொழிற்சங்கங்கள் ஒரு சுவரொட்டி ஒட்டின. சனிக்கிழமை அப்பா எனக்குத்தான் என்று ஒரு சிறுவன் உரிமை கொண்டாடும் சுவரொட்டி அது. அதே ஆண்டு நவம்பரில் கடையடைப்புச் சட்டம் நிறைவேறியது. வார நாளில் மாலை ஆறரைக்குக் கடை மூட வேண்டும், சனிக்கிழமை பகல் இரண்டுக்கே மூட வேண்டும். அப்பா கிடைத்துவிட்டார், ஆனால் அவரைக் கடைக்கு அனுப்ப முடியாது. 1996இலும் 2003இலும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 2006இல் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. பல மாநிலங்கள் வார நாளில் நள்ளிரவு வரைகூடத் திறக்க விட்டன. பவேரியாவோ இரவு எட்டு என்ற கோட்டை விட்டு அசையவில்லை. ஞாயிறை எந்த மாநிலமும் கைவிடவில்லை.

பெர்லின் ஒருமுறை முயன்று பார்த்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கடைக்காரரின் லாப நோக்கமும் வாங்குபவரின் அன்றாட ஆசையும் ஞாயிறைக் கலைக்கப் போதுமான காரணங்கள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்கப் பொருளாதாரமே நின்றுகொண்டிருக்கும் இரண்டு தூண்களை ஒரே வாக்கியத்தில் போதாது என்று சொன்ன நீதிமன்றம் உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இதையும் தாண்டியது ஹெஸ்ஸே மாநில வழக்கு. அங்கே டெகுட் நிறுவனம் ‘தேயோ’ என்ற பெயரில் ஆளே இல்லாத குட்டிக் கடைகளை வைத்தது. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், பொருளை நாமே எடுத்து நாமே பணம் கட்டலாம். 2023 இறுதியில் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் அதையும் ஞாயிறன்று மூட வேண்டும் என்றது. ஓய்வெடுக்க ஆளில்லாத இடத்திலும் ஓய்வு நடந்தாக வேண்டும் என்ற இந்தத் தத்துவ நிலை அத்வைதத்துக்கு மிக அருகில் வருகிறது. அடுத்த ஆண்டே மாநில அரசு சட்டத்தைத் திருத்தி அக்கடைகளைக் காப்பாற்றியது. தத்துவத்துக்கு அது இழப்பு.

அமெரிக்கர் இதையெல்லாம் புதிதாகக் காண்பதுபோல் திகைப்பது நியாயமல்ல. அவர் நாட்டிலும் ஞாயிறுச் சட்டங்கள் இருந்தன. மேரிலாந்தில் ஒரு பெரிய கடையின் ஊழியர்கள் ஞாயிறன்று ஒரு கோப்பு அட்டை, ஒரு டப்பா தரை மெழுகு, ஒரு ஸ்டேப்ளர், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவற்றை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நியூஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் இன்றும் ஞாயிறன்று பெரும்பாலான துணிக்கடைகளும் மால்களும் திறப்பதில்லை. நியூயார்க்கிலிருந்து கூப்பிடு தூரம்தான். பெர்கன்காரர் மியூனிக்குக்கு மாற்றலாகி வந்தால் ஊர் சுற்றாமல் வீட்டில் இருப்பார் என்பது நம் கருதுகோளின் முன்கணிப்பு. அப்படி ஒருவர் இன்னும் கையில் சிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு 7.40

ஆய்வுக்கு உட்பட்டவர்களில் ஓகையோ மாநிலத்தவர் ஒருவரை ‘ஓ’ என்று குறிப்போம். சனிக்கிழமை முழுக்க ஓ எதுவும் வாங்கவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 7.40க்கு அண்டைவீட்டு அம்மாள் படியில் நிறுத்தி, கடை எட்டு மணிக்கு மூடும், தெரியுமல்லவா என்று கேட்கிறார். ஓ ஓடுகிறார். கையில் ஒரு நீலச் சாக்கு. உள்ளே காலி பாட்டில்கள்.

கடை வாசலில் பாட்டில் எந்திரம். 2003 ஜனவரி முதல் ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் கட்ட வேண்டும். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். நம்மூர் டாஸ்மாக் கடையில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்குகிற ஏற்பாடு மாதிரிதான், ஆனால் இங்கே வாங்குவது எந்திரம். பாட்டிலை வட்டமான வாயில் படுக்க வைத்தால் எந்திரம் அதைச் சுழற்றிப் பார்க்கிறது, பட்டைக் கோட்டைத் தேடுகிறது, பிடித்திருந்தால் விழுங்குகிறது. ஓ தம் பாட்டில்களை அமெரிக்க வழக்கப்படி நசுக்கி வைத்திருக்கிறார். எந்திரம் ஒவ்வொன்றாக வெளியே துப்புகிறது. ஓ ஊதி ஊதி அவற்றை மறுபடி பாட்டில் வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார். பின்னால் ஒரு கூடை பீர் பாட்டிலோடு நிற்கும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஜெர்மனியில் அது ஒரு வகைப் பேச்சு.

7.52. சீட்டு கிடைக்கிறது. உள்ளே பால் அலமாரியில் ஓட்ஸ் பால் மட்டும் மிச்சம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் பொருள்களைத் தள்ளும் வேகத்துக்கு ஓவின் கை ஈடுகொடுக்கவில்லை. ஊரில் இதற்கென்று ஒரு பையன் நின்று பையில் போட்டுக் கொடுப்பான். இங்கே தானே அள்ள வேண்டும். அள்ளுகிற பதற்றத்தில் பாட்டில் சீட்டைக் கொடுக்க மறந்துவிடுகிறார். 8.00. கதவு பூட்டப்படுகிறது. ஓவிடம் ஓட்ஸ் பாலும் ஓர் அன்னாசியும் இருக்கின்றன.

ஞாயிறுக் காலை காட்சி மாறுகிறது. ரயில் நிலையத்துக் கடைகளுக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. பயணிகளின் பயணத் தேவைக்கான பொருள்களை அங்கே விற்கலாம். எனவே அந்நகரத்தில் பால் தீர்ந்துபோன அத்தனை பேரும் அன்று பயணிகள். வாசலில் காவலாளி சிறு சிறு கூட்டமாக உள்ளே விடுகிறார். வரிசையில் ஒருவர் கையில் முட்டைப் பெட்டி. இன்னொருவரிடம் சலவைத்தூள். எந்த ரயிலில் எந்தத் துணியைத் துவைக்கப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஓ பாலை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார், தலையைத் தூக்குகிறார். புறப்பாட்டுப் பலகை தெரிகிறது: சால்ஸ்பர்க். இன்ஸ்ப்ருக். வெரோனா. பிராக். சூரிக். புடாபெஸ்ட்.

இந்த ஆய்வின் மையப்புள்ளி இதுதான். பால் வாங்கப் போனவர் பலகையைப் பார்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் இருக்கப்போவதில்லை. நியூட்டனுக்கு ஆப்பிள் என்றால் ஓவுக்கு அரை லிட்டர் பால்.

திணை வகுத்தல்

பழந்தமிழ் இலக்கண மரபில் ஒழுக்கத்துக்கெல்லாம் முதல், கரு, உரி என்ற பாகுபாடு உண்டு. அதைக் கொண்டு பார்த்தால் இவ்வொழுக்கம் எந்தத் திணைக்கும் முழுதாக அடங்கவில்லை. பிரிந்து போவதால் பாலை எனலாம். ஆனால் பாலையில் தலைவன் பொருள் ஈட்டப் போவான், இவரோ பொருள் செலவழிக்கப் போகிறார். ஆகவே புதுத்திணை ஒன்று வேண்டும். நிலம், பிளாட்பாரமும் அதைச் சார்ந்த இடமும். சிறுபொழுது சனி மாலை. பெரும்பொழுது ஈஸ்டர். தெய்வம் கூகுள் மேப். புள், புறா. பறை, தேவாலய மணி. உணவு, ஞாயிறன்றும் கிடைக்கும் டோனர் கபாப், ஏனெனில் சட்டம் கடையைத்தான் மூடச் சொன்னது, சாப்பாட்டு ஓட்டலை அல்ல. உரிப்பொருள்: அடைத்தலும் அடைத்தல் நிமித்தமும்.

கடைதிறப்புக் கோடு

ஓ எங்கே போகிறார் என்பதைத்தான் நம் கருதுகோள் மிகத் தெளிவாக விளக்குகிறது. ஐரோப்பிய வரைபடத்தில் ஞாயிறன்று கடை திறந்திருக்கும் நாடுகளையும் மூடியிருக்கும் நாடுகளையும் பிரித்து ஒரு கோடு போடுங்கள். செக் குடியரசில் திறந்திருக்கும். அமெரிக்கருக்குப் பிராக் பிடிக்கும். 1357இல் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலத்தைக் காணப் போவதாகச் சொல்வார்கள். பாலத்தைக் கடந்தால் சூப்பர்மார்க்கெட் திறந்திருப்பதைச் சொல்ல மாட்டார்கள். இத்தாலியில் 2012இல் மான்டி அரசு கடை நேரக் கட்டுப்பாட்டை நீக்கியது. ரோமும் வெரோனாவும் பிடிக்கும். நெதர்லாந்தில் 2013 முதல் ஞாயிறைத் திறப்பதா மூடுவதா என்று அந்தந்த நகராட்சியே முடிவு செய்யலாம். ஆம்ஸ்டர்டாம் பிடிக்கும். பாரிஸில் மக்ரோன் அமைச்சராக இருந்தபோது வந்த 2015 சட்டம் சுற்றுலாப் பகுதிகளில் ஞாயிறு விற்பனைக்கு வழிவிட்டது. பாரிஸ் எல்லோருக்கும் பிடிக்கும். இங்கிலாந்தில் 1994 சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டும் திறக்கலாம். லண்டன் ஆறு மணி நேரம் பிடிக்கும்.

ஹங்கேரி இன்னும் நல்ல சான்று. 2015 மார்ச்சில் ஞாயிறுக் கடைகளை மூடச் சொன்ன அரசு, மக்கள் கொதித்ததைக் கண்டு 2016 ஏப்ரலிலேயே பின்வாங்கியது. போலந்து எதிர்த்திசையில் போனது. 2018 மார்ச் முதல் படிப்படியாகப் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளை மூடிவிட்டது. கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஓவும் அதன் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறார்.

வியன்னா நம் கோட்டை மீறுகிறதே என்று ஒருவர் மறுக்கலாம். ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடை கிடையாது, ஆனாலும் அமெரிக்கர் கூட்டம் குறைவதில்லை. மறுப்பவர் ஞாயிறு மாலை வியன்னாவின் ப்ராட்டர்ஷ்டெர்ன் ரயில் நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள சூப்பர்மார்க்கெட் வரிசையில் காது கொடுத்துக் கேட்கட்டும். மறுப்பு அங்கேயே மடியும்.

நோய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைக் காட்டியும் மறுப்பார்கள். மன்னர் இரண்டாம் லூட்விக் 1869இல் கட்டத் தொடங்கி, முடிவதற்குள் 1886இல் மாண்டுபோய், சில வாரங்களிலேயே சீட்டு விற்று மக்களுக்குத் திறந்துவிட்ட கோட்டை. ஜெர்மனிக்குள்ளேதான் இருக்கிறது. அமெரிக்கர் வாரக்கடைசியில் அங்கும் போகிறார்தான். ஆனால் கடையடைப்புச் சட்டத்திலேயே ஒரு சந்து உண்டு. சுற்றுலா, யாத்திரை, ஓய்வுத்தலங்களில் ஆண்டுக்கு 40 ஞாயிறு, விழா நாள்கள் வரை நினைவுப் பொருள், பழம், பூசைச் சாமான் போன்றவற்றை விற்கலாம். ஆகவே கோட்டை இருக்கும் இடத்தில் கடையும் திறந்திருக்கும். கோட்டையைப் பார்க்கப் போனவர் காந்தம் ஒட்டிய கோட்டை பொம்மையோடு திரும்புவதன் சட்ட அடிப்படை இதுதான்.

ஸ்ட்ராஸ்பூர்க் விபரீதம் தனி நூலுக்குரியது. பிரான்ஸில் ஞாயிறன்று உணவுக் கடைகள் பகல் ஒரு மணி வரை திறக்கலாம் என்று கேள்விப்பட்ட ஓ, ரைன் நதிக்கரையிலுள்ள கேல் என்ற ஜெர்மானிய ஊரிலிருந்து டிராம் ஏறுகிறார். 2017இல் வந்த டிராம் பாதை. பாலத்தைக் கடந்தால் பிரான்ஸ். இறங்கினால் சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கிறது. அல்சாஸ் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியிடம் இருந்தது. அப்போது வந்த ஜெர்மானியத் தொழில் சட்டம் அங்கே உள்ளூர்ச் சட்டமாக இன்றும் உயிரோடு இருக்கிறது. பாரிஸில் இல்லாத புனித வெள்ளி விடுமுறையும் டிசம்பர் 26 விடுமுறையும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உண்டு. இரண்டு உலகப் போர்களில் அத்தனை எல்லையும் மாறின, ஞாயிறு மாறவில்லை. ஜெர்மானிய ஞாயிறிலிருந்து தப்பி ஓடிய ஒருவர், நதியைத் தாண்டி 1900ஆம் ஆண்டின் ஜெர்மானிய ஞாயிறில் போய் விழுந்தார்.

கட்டுப்பாட்டுக் குழு

ஓர் ஆய்வென்றால் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு வேண்டும். இறைவன் அதையும் ஏற்பாடு செய்திருக்கிறார். கைசர்ஸ்லாட்டர்ன் நகரைச் சுற்றி, ராம்ஷ்டைன் விமானப்படைத் தளத்தையும் சேர்த்து, சுமார் 50,000 அமெரிக்கர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பெரிய அமெரிக்கப் படைக் குடியிருப்பு வேறில்லை. நகரின் பெயரை உச்சரிக்கச் சோம்பி ‘கே டவுன்’ என்பார்கள். தளத்துக்குள்ளே 2009இல் ஒரு பிரம்மாண்ட வளாகம் திறந்தார்கள். கடைகள், ஓட்டல், திரையரங்கு, உணவுக்கூடம், எல்லாம் டாலரில். ஞாயிறன்றும் திறந்திருக்கும். ஜெர்மானிய ஞாயிறு அந்த வாயிலில் நிறுத்தப்பட்டு, அடையாள அட்டை இல்லாததால் திருப்பி அனுப்பப்படுகிறது.

நம் கருதுகோள் சரியென்றால் இவர்கள் பயணமே போகக்கூடாது. ஆனால் போகிறார்கள். அதுவும் மியூனிக்காரர்களை விஞ்சிப் போகிறார்கள். கைசர்ஸ்லாட்டர்னில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பாரிஸ். அமெரிக்க விடுமுறையோடு படையின் விடுப்பு நாளும் ஒட்டிக்கொண்டால் நான்கு நாள்.

சாதாரண ஆய்வாளர் இந்த இடத்தில் பேனாவை மூடியிருப்பார். நாம் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தோம். விடை: போலந்தின் போலெஸ்வாவியெட்ஸ். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அந்த ஊரில் பீங்கான் செய்கிறார்கள். வெண்ணிறக் களிமண் பாத்திரத்தில் கோபால்ட் நீலத்தில், பஞ்சு முத்திரையால் மயில்கண் போல வட்டம் வட்டமாக ஒற்றிச் சுடுகிறார்கள். படைவீரர் குடும்பங்கள் பெரிய வண்டிகளில் போய், தட்டு, கிண்ணம், தேநீர்க் கூசா, வெண்ணெய்ப் பேழை, முட்டை வைக்கும் குழித்தட்டு என்று இரண்டாம் தரம், மூன்றாம் தரம் அடுக்கிலெல்லாம் புரட்டிப் பொறுக்கி, பழைய நாளிதழில் சுற்றி, பின்னிருக்கையைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நாட்டுக்குத் திரும்பும்போது அரசாங்கச் செலவில் கப்பலேறிப் போகும் வீட்டுச் சாமான்களில் இதுவும் போகும். டெக்சாஸ் வீடுகளில் மயில்கண் நீலம் தெரிந்தால், அவ்வீட்டில் ஒருவர் ஜெர்மனியில் பணியாற்றியவர் என்று துணியலாம்.

ஆக, கடை திறந்திருக்கிறவர்களும் கடைக்குத்தான் போகிறார்கள். கருதுகோள் உடையவில்லை, விரிந்தது. அமெரிக்கர் ஓடுவது மூடிய கடையிலிருந்து மட்டுமன்று, திறந்த கடையை நோக்கியும்தான்.

பை, வண்டி

பயணத்தின் பௌதிகம் பற்றிச் சுருக்கமாக. ரயன்ஏர் விமானத்தில் இலவசமாகக் கொண்டுபோகும் பையின் அளவு 40க்கு 25க்கு 20 சென்டிமீட்டராக இருந்தது. பெருக்கினால் 20 லிட்டர். 2025இல் அதை 40க்கு 30க்கு 20 ஆக்கினார்கள். 24 லிட்டர். அந்த நான்கு லிட்டரில் மனித சுதந்திரம் எவ்வளவு கூடியது என்பது மேலாய்வுக்குரியது. அங்குலத்தில் வளர்ந்தவர்கள் சென்டிமீட்டரை நம்புவதில்லை. ஆகவே ஓ தம் கோட்டின் பைகளில் இரண்டு சட்டையும் ஒரு மின்னேற்றியும் அடைத்துக்கொண்டு, மூன்று சுற்று பருத்து, விமானத்தில் ஏறுகிறார்.

பிராங்க்ஃபர்ட்-ஹான் என்ற விமான நிலையத்தின் பெயரில் பிராங்க்ஃபர்ட் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட் நகரமோ சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹன்ஸ்ரூக் மலைக்காட்டில் பனிமூட்டத்தில் நிற்கும் அந்த ஓடுதளம் 1993 வரை அமெரிக்க விமானப்படையுடையது. அவர்கள் காலி செய்தபின் 1999இல் ரயன்ஏர் வந்தது. தம் நாட்டுப் படை போட்டிருந்த தளத்திலிருந்து, ஐரிஷ் கம்பெனிக்குக் காசு கொடுத்து, இத்தாலிக்குக் கடை பார்க்கப் பறக்கிறார் அமெரிக்கர். பனிப்போரில் வென்றது யார் என்பதற்கு இதைவிடச் சிக்கலான விடை கிடைப்பது அரிது.

ரயிலில் போகலாமே என்பவர்களுக்கு: 2024இல் ஜெர்மானிய நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம் நேரத்துக்கு வந்தன. நேரம் என்றால் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் நேரம். ரத்தான ரயில்கள் கணக்கில் சேர்வதில்லை. வராத ரயில் தாமதமாக வந்ததாகாது என்ற இந்த வாதத்தை நம் தர்க்க சாத்திரிகள் எழுந்து நின்று வரவேற்றிருப்பார்கள்.

இந்தப் பாடெல்லாம் பட்டும் கடவுச்சீட்டில் முத்திரை விழாது. 1985இல் ஷெங்கன் கிராமத்தருகே மோசெல் நதியில் ஒரு கப்பலில் கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கு வழி பண்ணிவிட்டது. முத்திரை சேகரிக்க வந்த ஓ, கடைசியில் காந்தப் பொம்மை சேகரித்தார்.

நோய் தீர்தல்

மூன்றாம் ஆண்டில் ஒரு திரிபு காணப்படுகிறது. முதலில் ஓ சனிக்கிழமை காலையிலேயே பால் வாங்கத் தொடங்குகிறார். பிறகு ஞாயிறன்று மதியச் சாப்பாட்டுக்குப்பின் காரணமின்றி நடக்கிறார், காட்டைச் சுற்றி, மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பயணங்கள் மாதம் ஒன்றாகக் குறைகின்றன. கிறிஸ்துமஸுக்கு ஓகையோ போனவர், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கடையில் தக்காளி அடுக்கும் பையனைப் பார்த்து, இவனுக்கு வீடு வாசல் இல்லையா என்று தம் அம்மாவிடம் கேட்கிறார். அம்மா பதில் சொல்லவில்லை.

நோய் முற்றாகத் தீர்ந்ததற்கு அறிகுறி வேறு. ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதியில் ஞாயிறன்று புல்வெட்டும் எந்திரத்தை இயக்கக் கூடாது. 2002இல் வந்த இரைச்சல் விதி அது. காலி கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் வரும். அண்மையில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார். முதல் ஞாயிறே ஒரு பை நிறையப் பாட்டிலோடு தொட்டிக்குப் போனார். முதல் பாட்டில் விழுந்து உடைந்த ஓசை அடங்குமுன் இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. அதில் தெரிந்த தலை ஓவினுடையது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், ஜெர்மன் மொழியில்.

பரிந்துரை

ஊழியர்களை ஜெர்மனிக்கு மாற்றும் அமெரிக்க நிறுவனங்கள் மொழிப் பயிற்சி தருகின்றன, வரி ஆலோசகரை வைத்துத் தருகின்றன. வரி ஆலோசகர் தேவைதான், உலகில் எங்கே இருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் தன் நாட்டு வரிக் கணக்கைக் காட்டியாக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் ஒரு துண்டுச்சீட்டுகூடக் கொடுப்பதில்லை. கொடுத்தால் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் நஷ்டப்படும் என்பது உண்மை. அறிவியல் அதற்கெல்லாம் அஞ்ச முடியாது.

இதை வாசிப்பவர்களில் யாருக்கேனும் மியூனிக்குக்கு மாற்றல் வந்திருந்தால்: சனிக்கிழமை இரவு எட்டுக்குள் பால் வாங்கிவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தில் வியாழனன்று ஒருமுறையும் சனியன்று ஒருமுறையும் போக வேண்டும், ஏனெனில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் அடைப்பு. ஆகஸ்ட் 15 மியூனிக்கில் விடுமுறை, பவேரியாவில் கத்தோலிக்கர் அதிகமில்லாத ஊர்களில் விடுமுறை இல்லை; அவசரமென்றால் அப்படி ஓர் ஊரைப் பார்த்து வையுங்கள். பாட்டிலை நசுக்காதீர்கள். எந்திரம் தரும் சீட்டைக் கல்லாவில் மறக்காமல் கொடுங்கள்.